வாசகர் கேள்வி பதில்: லயத்து வீட்டுக்கு அறிவிப்புக் கடிதம் வராது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேராக்கின் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவை. ஒற்றைக் கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை, உள்ளே நாலைந்து டிவிஷன் லயங்கள் (தோட்டப் பிரிவுகளில் தொழிலாளர்களுக்கான கம்பெனி வரிசை வீடுகள்) என்று இருக்கும் தோட்டப் பட்டணம் அது. பக்கத்தில் குப்பை நிரப்பு நிலம் வரப்போகிறது என்ற பேச்சு அங்கே கிளம்பியிருக்கிறது. எழுதியவர்கள் பலர் கம்பெனி வீட்டில் குடியிருப்பவர்கள் என்பதால் ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் எடுத்துவிட்டோம். கீழே சொல்லும் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபா, சரவாக்கில் நடைமுறை வேறு.

கேள்வி: தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்டும் இடம் வரப்போகிறதாம். பசாரில் கேள்விப்பட்டோம். எங்கள் லயத்தில் ஒருவருக்கும் கடிதம் வரவில்லை. எங்களைக் கேட்காமலே செய்துவிட முடியுமா?
(ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

ஐயா, உங்களுக்குக் கடிதம் வராததற்குத் தபால்காரர் காரணமில்லை. சட்டமே அப்படி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளருக்குத்தான் அறிவிப்புப் போகும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். லயம் நிற்கும் நிலத்துக்கு உரிமையாளர் கம்பெனி. ஆகவே அறிவிப்பு தோட்ட அலுவலகத்துக்குப் போகும், அங்கேயே கோப்பில் உட்காரும். நாற்பது வருடம் அதே லயத்தில் குடியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அண்டைவீட்டார் இல்லை.

அதோடு முடியவில்லை. அந்த அறிவிப்பும்கூட, எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகாத இடங்களுக்குத்தான் கட்டாயம். திட்டம் வந்துவிட்ட இடத்தில் தாமான்காரருக்கும் (வீடமைப்பில் சொந்த வீடு உள்ளவருக்கும்) கடிதம் போகவேண்டிய அவசியமில்லை. மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் அந்த உள்ளூர்த் திட்ட வரைபடத்தில், செம்பனை என்று பச்சையாக இருந்த துண்டு நிலம் என்றைக்குத் தொழில்பேட்டை நிறத்துக்கு மாறியதோ, உங்களைக் கேட்கவேண்டிய நாள் அதுதான். அந்த வரைவைக் காட்சிக்கு வைக்கும்போது ஆட்சேபம் சொல்ல குறைந்தது நான்கு வாரம் கொடுக்கவேண்டும். உங்கள் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: நடப்பில் இருப்பது எந்த ஆண்டின் உள்ளூர்த் திட்டம்? அதை மறுஆய்வு செய்யும் வேலை தொடங்கியிருக்கிறதா? தொடங்கியிருந்தால் ஆட்சேப பாரத்தில் ‘நேரில் விளக்கம் அளிக்க விரும்புகிறேன்’ என்பதை மறக்காமல் எழுதுங்கள். எழுதினால்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

உங்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அது இதைவிட அகலம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், பிரிவு 34ஏ. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்கிறது அது. ஊரில் எல்லாரும் ‘ஈஐஏ’ என்பது இதைத்தான். 2015ஆம் ஆண்டு ஆணையில் திட்டங்கள் இரண்டு அட்டவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் அட்டவணைத் திட்டமானால் அறிக்கையைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது அட்டவணையானால் காட்டியே ஆகவேண்டும். குப்பை நிரப்பு நிலமும் குப்பை எரிக்கும் ஆலையும் இரண்டாவதில் வருகின்றன. வேறு வகைக் குப்பைத் திட்டம் முதலாவதில் போய்விடலாம். எனவே ‘குப்பைத் திட்டம்’ என்று பொதுவாகக் கேட்காமல், என்ன வகை, எந்த அட்டவணை என்று கேளுங்கள்.

காட்சிக்கு வைக்கும் காலம் 30 நாள். சுற்றுச்சூழல் துறையின் இணையப் பக்கம், ஈப்போவில் இருக்கும் அதன் மாநில அலுவலகம், நூலகம் போன்ற இடங்களில் வைப்பார்கள். நாளிதழில் விளம்பரமும் வரும், ஆனால் மலாய், ஆங்கிலப் பத்திரிகைகளில். தமிழ்ப் பத்திரிகை மட்டும் வாங்கும் வீட்டில் அது கண்ணில் படாது. இதற்கு ஒரே வழி, வாரம் ஒருமுறை துறையின் பக்கத்தில் ‘பாமேரான்’ (காட்சிக்கு வைத்தவை) பட்டியலைப் பார்ப்பதை ஒருவர் பொறுப்பில் விடுவது. படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை போதும். கருத்தைக் கொடுக்கக் கடைசி நாள் அந்த விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும். யார் எதைச் சொன்னாலும் அந்தத் தேதியை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: அறிக்கையைப் பதிவிறக்கம் செய்துவிட்டோம். நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாம் ஆங்கிலம். எதைப் படிப்பது?
(தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்)

சுருக்க அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முதலில் மலாய்ச் சுருக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதட்டும். அதற்கு மேல் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். 30 நாளில் பாதி அதிலேயே போய்விடும்.

பிறகு வரைபடம். திட்ட எல்லையிலிருந்து சுற்றுவட்டத்தைக் காட்டும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் பள்ளி, கோயில், வீடமைப்பு, மருந்தகம் எல்லாவற்றையும் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். உங்கள் லயம் அதில் இருக்கிறதா? செயற்கைக்கோள் படத்தில் மரங்களுக்கு நடுவே இரண்டு வரிசைத் தகரக் கூரை, அவ்வளவுதான் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைகிறவர் அதைத் தோட்டத்தின் கிடங்கு என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். மொத்தமும் ‘செம்பனைத் தோட்டம்’ என்று பச்சையில் போய்விடும். அப்படி விடுபட்டால், அதற்குப் பிறகு வரும் வாடைக் கணக்கு, தூசிக் கணக்கு, சத்தக் கணக்கு எதிலும் நீங்கள் இருக்கமாட்டீர்கள், ஏனென்றால் இந்தக் கணக்குகளெல்லாம் புள்ளி வைத்த இடங்களுக்குத்தான் போடப்படுகின்றன. மொத்த அறிக்கையில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க நேரம் என்றால், இதைப் பாருங்கள்.

அடுத்து, தண்ணீர் மாதிரி எடுத்த இடங்கள். W1, W2 என்று குறித்திருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் இறங்கும் ஓடைக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொன்று உண்டா? எந்தத் தேதியில் எடுத்தார்கள்? மழை ஓய்ந்த நாளில் ஒரே ஒரு முறை எடுத்திருந்தால், அடைமழையில் ஓடை எப்படிப் போகும் என்பது அறிக்கைக்குத் தெரியாது.

மூன்றாவது, சமூகப் பொருளாதார அத்தியாயம். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தக் குடியிருப்பில், எந்த மொழியில், எந்த நேரத்தில்? வேலை நாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் லயத்தில் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். ‘வட்டாரத்தில் பெரும்பாலோர் ஆட்சேபிக்கவில்லை’ என்ற வரி வந்தால், அந்தப் பெரும்பாலோர் யார் என்பதைப் பின்னிணைப்பில் உள்ள அட்டவணையில் தேடுங்கள். கடைத்தெருவிலும் தாமானிலும் மட்டும் கேட்டிருந்தால் அதை அப்படியே எழுதிக் கொடுக்கலாம்.

குப்பை நிரப்பு நிலம் என்பதால் கசிவுநீரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். குப்பை மக்கும்போது கறுப்பாக வடியும் நீர் அது. சுத்திகரித்து ஆற்றில் விடும்போது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள அழுக்கு மக்க எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்ற அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அம்மோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2009ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. கடினமான அளவுதான். அறிக்கை அதை எட்டுவோம் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த ஓடையில் விடப்போகிறார்கள், தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் குளம் நிரம்பி வழியாமல் எத்தனை நாள் தாங்கும், மின்சாரம் போனால் பம்புக்கு என்ன ஏற்பாடு, இவை மூன்றும்தான் கேட்கவேண்டியவை. லாரிகள் எந்தச் சாலையில் வரும் என்பதும் முக்கியம். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் தோட்டச் சாலைதான் என்றால் அதுவே ஒரு தனி ஆட்சேபம்.

கேள்வி: கோயிலில் வைத்து முந்நூறு கையெழுத்து வாங்கிவிட்டோம். இது போதுமா?
(ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர்)

கையெழுத்துக்கு அரசியல் மதிப்பு உண்டு. சிலாங்கூரில் கோலலங்காட் வடக்கு வனக் காப்பகத்தை 2020இல் வகைமாற்றப் பார்த்தபோது 45,000 அளவில் ஆட்சேபங்கள் போயின. தெமுவான் பூர்வகுடிக் கிராமத்தார் முன்னால் நின்றார்கள். இழுபறிக்குப் பிறகு, வகைமாற்றிய நிலத்தை மறுபடியும் காப்பகமாக அறிவிக்கவேண்டி வந்தது. எண்ணிக்கை அங்கே வேலை செய்தது.

ஆனால் ஈஐஏ மேசையில் உட்கார்ந்திருப்பவர் கருத்துகளைப் பிரச்சினைவாரியாகப் பிரித்து வைக்கிறவர். ஒரே வாசகம் அச்சடித்த முந்நூறு தாள் அவருக்கு ஒரு பிரச்சினைதான். ‘எங்களுக்கு இத்திட்டம் வேண்டாம்’ என்ற வரிக்குத் திட்டக்காரர் பதில் எழுதவேண்டிய அவசியமே இல்லை. கீழே இருப்பது போன்ற வரிக்கு அவர் பதில் சொல்லாமல் தப்ப முடியாது:

‘அறிக்கையின் இன்ன பக்கம், இன்ன எண் வரைபடத்தில் எங்கள் லயம் குறிக்கப்படவில்லை. திட்ட எல்லையிலிருந்து எங்கள் கடைசி வீடு இத்தனை மீட்டர். இங்கே இத்தனை குடும்பம், ஐந்து வயதுக்குக் கீழே இத்தனை பிள்ளைகள். குழாய்நீர் நிற்கும் நாள்களில் நாங்கள் எடுக்கும் கிணறு இந்த இடத்தில் உள்ளது. வாடைக் கணக்கில் எங்கள் குடியிருப்பைச் சேர்த்து மறுபடி கணக்கிடவும். அதுவரை ஒப்புதல் வழங்கவேண்டாம்.’

ஒரு தாளுக்கு ஒரு பிரச்சினை. மேலே திட்டத்தின் முழுப் பெயர், கோப்பு எண். கீழே பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கையெழுத்து. எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்வதை ஒருவர் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, எழுதியவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடலாம். கடிதம் மலாயில் இருக்கட்டும். ‘சூராட் பந்தாஹான்’ (ஆட்சேபக் கடிதம்) என்று தலைப்பிட்டாலே போதும், அலங்காரம் தேவையில்லை. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் முந்நூறு கையெழுத்தைத் தூக்கிப்போடவேண்டாம். குறிப்பான பத்துக் கடிதங்களை மேலே வைத்து, அதைப் பின்னிணைப்பாகக் கட்டுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எண்பது பேர் வந்தார்கள். தலைவரும் இரண்டு முன்னாள் கிராணிகளும்தான் (தோட்ட எழுத்தர்கள்) பேசினார்கள். பெண்கள் வாயே திறக்கவில்லை. எப்படிப் பேச வைப்பது?
(இளைஞர் மன்றப் பொறுப்பாளர்)

எண்பது பேர் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள், மைக் பிடித்துப் பழகியவர்களைத் தவிர. பன்னிரண்டு பதினைந்து பேராகப் பிரியுங்கள். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) இருட்டோடு எழுந்து போகிறவர்களை இரவு ஒன்பது மணிக்கு உட்கார வைத்தால் கொட்டாவிதான் வரும். வேலை முடிந்து குளித்துவிட்டு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது, நாலரையிலிருந்து ஆறு. பெண்களுக்கு அதுதான் வசதி. இடம் தோட்ட அலுவலகமோ கிளப்போ வேண்டாம். பிள்ளைக் கொட்டகைத் (வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் இடம்) திண்ணை போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைத் தனியாக வையுங்கள். தேநீருக்கு முன்னால் இதை ஏற்பாடு செய்யுங்கள்.

பேச்சுக்குப் பதில் படத்தை விரியுங்கள். கூகுள் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் உங்கள் டிவிஷனை எடுத்து, பட்டணத்து அச்சுக்கடையில் ஏ0 அளவில் அடித்துத் தரையில் போடுங்கள். மேசையில் போட்டால் நாலு பேர்தான் நெருங்க முடியும். முதலில் அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கட்டும், அதற்கே பத்து நிமிடம் ஆகும், சிரிப்பும் வரும். பிறகு நிறப் பொட்டுகள்: கிணற்றுக்கு நீலம், பிள்ளைகள் குளிக்கும், மீன் பிடிக்கும் இடத்துக்குப் பச்சை, வெள்ளம் ஏறும் இடத்துக்கு மஞ்சள், கீரை, மரவள்ளி போட்ட கொல்லைக்குச் சிவப்பு. முனீஸ்வரர் கோயிலும் இடுகாடும் விடுபடக்கூடாது. தோட்டத்துச் சிறுகோயில்கள் பல அரசாங்க வரைபடத்தில் இல்லை.

‘திட்டத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?’ என்று கேட்காதீர்கள். ‘விடியற்காலையில் எந்தப் பக்கத்து வாடை வீட்டுக்குள் வருகிறது? போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல லயத்துப் பெண்களைவிடத் தகுதியான ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. அறிக்கை எழுதும் ஆலோசக நிறுவனத்தின் கருவி சில நாள் நின்று அளப்பதை அவர்கள் முப்பது வருடமாக மோந்துகொண்டிருக்கிறார்கள். தலைவர்கள் கடைசியில் பேசட்டும். இதை முன்கூட்டியே அவர்களிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இன்றைக்கு லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசி, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கலாம். அதே கிணறு, அதே காற்று. ‘நம் ஆட்கள்’ கூட்டம் என்று அவர்களை விட்டுவிட்டால் உங்கள் வரைபடத்திலும் ஓட்டை விழும். ஒருவரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இரண்டு பேர் குறிப்பெடுக்கவேண்டும். ஒருவரே எழுதினால் தனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். கலைவதற்கு முன் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். வராதவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்பிப் பயனில்லை. இரண்டு நிமிடக் குரல்பதிவாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போடுங்கள்.

கேள்வி: என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். வீடு கம்பெனி வீடு. நான் கையெழுத்துப் போட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா?
(பெயர் வேண்டாம்)

அம்மா, இந்தப் பயம் நியாயமானது. யாரும் உங்களைத் தைரியமாக இருங்கள் என்று தள்ளக்கூடாது. நீங்கள் முதல் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பட்டணத்துத் தாமானில் சொந்த வீட்டில் இருப்பவர்கள், கடைக்காரர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், இவர்கள் பெயரில் கடிதம் போகட்டும். உங்களுக்குத் தெரிந்த விவரத்தை அவர்கள் கடிதத்தில் ஏற்றலாம்.

ஆலைக்குள் நடக்கும் சட்டமீறலைச் சொல்வதானால், 2010ஆம் ஆண்டின் தகவல் வழங்குநர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அமலாக்க அதிகாரிகளிடம் சொன்னவருக்குத்தான். முகநூலில் போட்டுவிட்டோ பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டோ பிறகு இந்தச் சட்டத்தின் கீழ் ஒதுங்க முடியாது. வரிசை மாறக்கூடாது.

சத்தமில்லாத வழி ஒன்றும் உண்டு. மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ், எம்எஸ்பிஓ, 2020 முதல் கட்டாயம். ஆலைக்கும் தோட்டத்துக்கும் ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும். சுற்றுவட்டார மக்கள் யார் யார் என்ற பட்டியல் ஒன்றைக் கம்பெனி வைத்திருக்கவேண்டும், புகார் நடைமுறையும் வேண்டும். தணிக்கையாளர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார். பட்டியலில் நிர்வாகத்துக்கு வேண்டிய நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேரையே பார்த்துவிட்டுப் போவார். எனவே தமிழ்ப்பள்ளி, கோயில், தாமான் குடியிருப்பாளர் சங்கம் மூன்றும் ‘எங்களைப் பட்டியலில் சேர்க்கவும்’ என்று நிர்வாகிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைக்கட்டும். இதில் குறைகூறல் எதுவும் இல்லை, ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை. கம்பெனிக்கு ஆர்எஸ்பிஓ (அனைத்துலக நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய் அமைப்பு) சான்றிதழும் இருந்தால் அதன் செயலகத்திடமும் புகார் முறை உண்டு.

வீட்டு வசதி, குடிநீர், சாக்கடை பற்றிய குறை என்றால் அது ஈஐஏ விஷயமே இல்லை. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தொழிலாளர் துறை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

கேள்வி: என்னிடம் சிவப்பு அடையாள அட்டைதான் (நிரந்தர வசிப்பாளர், குடியுரிமை இல்லை). நான் கருத்துச் சொல்லலாமா?

சொல்லலாம். ஈஐஏ விளம்பரம் பொதுமக்களை அழைக்கிறது, வாக்காளர்களை அல்ல. கடிதத்தில் முகவரி தெளிவாக இருக்கட்டும்.

கேள்வி: ராத்திரி நேரத்தில் ஆலைப்பக்கத்து ஓடை கறுப்பாக ஓடுகிறது. புகார் செய்தால் மூன்று நாள் கழித்து அதிகாரி வருகிறார். அப்போது தண்ணீர் தெளிந்துவிடுகிறது. பொய்ப்புகார் என்று எங்களையே சொல்கிறார்கள்.
(ஓடைக்கரை லயத்திலிருந்து இருவர்)

முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மண்கரிச் சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் இயற்கையாகவே தேயிலைச் சாயம் போல் இருக்கும். கையில் அள்ளினால் தெளிவாக இருக்கும், நாறாது. ஆலைக் கழிவு அப்படியல்ல. பழுப்பும் கறுப்புமாகக் கலங்கல், மேலே எண்ணெய்ப் படலம், புளித்த வாடை, சில நேரம் வெதுவெதுப்பு. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்தான் அது மிகவும் குறைவாக இருக்கும்.

ஏன் இரவில், ஏன் மழையில்? ஒரு டன் செம்பனைக் குலையைப் பிழிந்தால் அரை கனமீட்டருக்கு மேல் கழிவுநீர் வருகிறது. மணிக்கு 60 டன் ஆலை ஒரு நாளில் பல நூறு கனமீட்டர் தள்ளும். வெளியே வரும்போது அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆலைக் கழிவை ஆற்றில் விடப் பொதுவான வரம்பு 100. இந்த இறக்கத்தைக் குளங்கள்தான் செய்கின்றன, அதற்குப் பல வாரம் பிடிக்கும். குளத்தின் அடியில் சேறு ஏறி, வாரி எடுக்காமல் விட்டால், கொள்ளளவு குறைந்து கழிவு பாதி வெந்த நிலையில் அடுத்த குளத்துக்குத் தள்ளப்படும். குலை குவியும் மாதங்களில் ஆலை நீண்ட நேரம் ஓடும், அதோடு கனமழையும் சேர்ந்தால் கரை நிரம்பி வழியும். சில இடங்களில் வழியவிடவே செய்வார்கள், மழைத்தண்ணீரோடு போய்விடும் என்று.

நீங்களே பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பெரிய பயனில்லை. ஐஸில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்க்கவேண்டும். சேர்த்தாலும், வழக்குக்கு நிற்பது அதிகாரம் பெற்ற அதிகாரி எடுத்த மாதிரிதான். உங்கள் வேலை, அந்த அதிகாரியைச் சரியான ராத்திரியில் வரவைப்பது. அதற்கு ஒரு பள்ளிக் கொப்பி போதும். தேதி, பார்த்த நேரம், தெளிந்த நேரம், எந்தப் பாலம் அல்லது எந்த மதகு, நிறம், வாடை, மீன், கடந்த 24 மணி நேரத்தில் மழை உண்டா, ஆலை ஓடியதா. ஒவ்வொரு முறையும் இரண்டு படம் எடுங்கள்: ஆலைக் கால்வாய் ஓடையில் சேரும் இடத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ்ப்படம் மட்டும் இருந்தால் மேலே இருக்கும் மணல் தோண்டுபவரையோ பன்றிப் பண்ணையையோ கைகாட்டித் தப்பிப்பார்கள். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கி எடுங்கள், மூலப் படத்தை அழிக்காதீர்கள், புலனத்தில் அனுப்பிய பிரதியில் தேதியும் இடமும் உதிர்ந்துபோகும். ஆலை வேலிக்குள் கால் வைக்காதீர்கள். அத்துமீறல் புகார் உங்கள் மேல் திரும்பும்.

ஐந்தாறு பதிவு சேர்ந்ததும் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். சனிக்கிழமை இரவு, பெருமழைக்கு அடுத்த நாள், ஏதோ ஒன்று. அதை எழுதி ஈப்போ அலுவலகத்துக்குக் கொடுத்து, அந்த நேரத்தில் சோதனை நடத்தும்படி கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது 1-800-88-2727 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து, புகார் எண்ணை வாங்கிக் கொப்பியில் எழுதுங்கள். புகார் எண் இல்லாத அழைப்பு நடக்காத அழைப்புதான். ஓடை குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கலக்கிறது என்றால் பேராக் நீர் வாரியத்துக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். அவர்கள் வேகமாக நகர்வார்கள்.

கேள்வி: நகராண்மைக் கழக உறுப்பினர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், எழுத்தில் கேட்டு வாங்கினால். அவர் நீங்கள் ஓட்டுப்போட்டு வந்தவர் அல்ல, மாநில அரசு நியமித்தவர். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நின்றது நின்றதுதான். ஆனால் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 23ஆவது பிரிவின்படி மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, மன்றமே வேறு தீர்மானம் போட்டாலொழிய. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. செயலாளரிடம் கூட்டத் தேதியைக் கேட்டு மூன்று பேர் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பேச அனுமதியில்லை. உங்கள் விவகாரம் எழும்பியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சிலாங்கூர், பினாங்கு வாசகர்களுக்கு இன்னொரு வசதி: அந்த இரண்டு மாநிலங்களிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருப்பதால் மன்றத்தின் கோப்பை விண்ணப்பித்துக் கேட்கலாம்.

கேள்வி: நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் ஈஐஏ ஒப்புதல் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்யமுடியாதா?
(தாமான் குடியிருப்பாளர்)

பினாங்கின் தெற்குக் கடலை நிரப்பும் திட்டத்துக்கு 2019இல் கொடுத்த ஒப்புதலை எதிர்த்து சுங்கை பத்து மீனவர்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் அந்த ஒப்புதல் ரத்தானது. பிறகு அத்திட்டத்துக்குப் புதிய அறிக்கை போட்டு 2023இல் ஒப்புதல் வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஆக, திரும்பப் பெற முடியும், திரும்பியும் வரும்.

நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பதென்றால் முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. மேல்முறையீட்டு வாரியத்தின் கெடு அதைவிடக் குறுகியது. இந்த வாரமே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். ‘அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம்’ என்று தள்ளினால் நாள் கடந்துவிடும். போகும்போது முத்திரை வாங்கிய கடிதப் பிரதிகளைக் கொண்டுபோங்கள். காட்சிக் காலத்திலேயே ஆட்சேபம் சொன்னவர் பெயரில் வழக்கு நிற்பது எளிது, ஒன்றும் எழுதாமலிருந்தவர் ‘நீங்கள் ஏன் அப்போது சொல்லவில்லை?’ என்ற கேள்வியில் சிக்குவார்.

வழக்கு வேண்டாம் என்றால், ஒப்புதலோடு வரும் நிபந்தனைகளைக் கேளுங்கள். வாடைக் கட்டுப்பாடு, லாரி நேரம், தண்ணீர்ப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். நிபந்தனையை மீறுவது தனிக் குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் அபராதங்கள் பெரிதாக ஏறியிருக்கின்றன, சில குற்றங்களுக்கு ஒரு கோடி ரிங்கிட் வரை. லாரி இரவு பதினொரு மணிக்கு ஓடினால், நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு, வண்டி எண்ணோடு எழுதுங்கள்.